கார்த்தஹேனாவுக்குத் தனியாக நான்கு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொலம்பியாவின் கரீபியன் கரையில் இருக்கும் பழைய கோட்டை நகரம் கார்த்தஹேனா. வேலை விஷயமாக பொகோட்டா போயிருந்தபோது கையில் நான்கு நாள் மிச்சம் இருந்தது. கூட வர ஆள் இல்லை, தனியாகவே கிளம்பிவிட்டேன். திரும்பி வந்ததிலிருந்து தோழிகளும் அலுவலகத்தில் இருப்பவர்களும் கேட்டுக்கொண்டே இருந்த கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன்.

எத்தனை நாள் வேண்டும்?

நான்கு இரவு, மூன்று முழுப் பகல். அது போதும். மதிலுக்குள் இருக்கும் பழைய ஊர் சின்னது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இருபது நிமிடத்தில் நடந்துவிடலாம். ஆனால் ஒரு நாளில் "பார்த்து முடித்து" விடலாம் என்று நினைக்காதீர்கள்.

ஒரு நாள் மதிலுக்குள், ஒரு நாள் சான் ஃபெலிப்பே கோட்டையும் ஹெத்செமனி பகுதியும், ஒரு நாள் சான் பசிலியோ தெ பலென்கே கிராமம். நான் பிரித்துக்கொண்டது இப்படி. மூன்றாவது நாளை எல்லோரும் பக்கத்தில் இருக்கும் ரொசாரியோ தீவுகளுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். நான் ஏன் கிராமத்துக்குப் போகச் சொல்கிறேன் என்பதைக் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் அந்தப் பதிலைப் படியுங்கள்.

எந்த மாதம் போகலாம்? வெயில் தாங்குமா?

கார்த்தஹேனாவும் நம் வேதாரண்யமும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில் இருக்கின்றன, இரண்டுமே கடலோரம். அதனால் வெயிலும் புழுக்கமும் நமக்குப் பழகியதுதான். வருடம் முழுக்கப் பகலில் 31, 32 டிகிரி. டிசம்பர் முதல் மார்ச் வரை மழை இருக்காது, கடலிலிருந்து நல்ல காற்று வீசும், அதுவே சிறந்த காலம். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தில் மட்டும் அறை வாடகை எகிறிவிடும். அக்டோபரில் மழை அதிகம், பழைய ஊரின் தாழ்வான தெருக்களில் தண்ணீர் தேங்கும்.

எந்த மாதமானாலும் ஒரு விஷயம்: காலை ஆறிலிருந்து பத்தரை வரை நடங்கள், மாலை நாலரைக்கு மேல் மறுபடி நடங்கள். நடுவில் அறைக்கு வந்து குளித்துப் படுத்துவிடுங்கள். தனியாகப் போவதன் பெரிய வசதியே இதுதான். "மணி பன்னிரண்டுதானே ஆகிறது, இன்னொரு இடம் பார்த்துவிடலாம்" என்று இழுப்பதற்கு யாரும் இல்லை.

விசா எடுப்பது கஷ்டமா?

இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களிடம் அமெரிக்க விசாவோ ஷெங்கன் விசாவோ இருந்து, அதில் 180 நாளுக்குக் குறையாமல் செல்லுபடிக்காலம் மிச்சம் இருந்தால், கொலம்பியாவுக்கென்று தனி விசா வேண்டாம். இரண்டும் இல்லையென்றால் கொலம்பிய வெளியுறவுத் துறையின் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். விதிகள் மாறக்கூடியவை, டிக்கெட் போடும் முன் தூதரகத் தளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

விசா தவிர 'செக்-மிக்' என்ற குடியேற்றப் படிவம் ஒன்று உண்டு. விமானம் ஏறுவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் அரசுத் தளத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளத்தில் நுழைந்துவிட்டால் மூடிவிட்டு வெளியே வாருங்கள்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயமா?

கார்த்தஹேனா நகரத்தை விட, திரும்பி இந்தியாவுக்குள் நுழைவதற்குத்தான் இது முக்கியம். மஞ்சள் காய்ச்சல் இருக்கும் நாடுகளின் பட்டியலில் கொலம்பியாவும் உண்டு. அங்கிருந்து கிளம்பி ஆறு நாட்களுக்குள், தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் இந்தியாவில் வந்து இறங்கினால் தனிமைப்படுத்தி வைக்க விதி இருக்கிறது. ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும், அப்புறம் ஆயுள் முழுக்கச் செல்லும். ஆகவே கடைசி வாரத்தில் ஓடாதீர்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு போக வேண்டும். அறுபது வயது தாண்டியவர்களும், கர்ப்பிணிகளும், முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் முதலில் மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். மஞ்சள் காமாலை வேறு, இது வேறு. காமாலைக்குப் போட்ட ஊசியை நம்பி ஒரு தோழி கிளம்பப் பார்த்தாள், அதனால் சொல்கிறேன்.

இந்தக் காய்ச்சலுக்கும் அந்த ஊருக்கும் பழைய பந்தம் இருக்கிறது. கோட்டையைப் பற்றிச் சொல்லும்போது வருகிறேன்.

எப்படிப் போய்ச் சேர்வது?

இந்தியாவிலிருந்து நேர் விமானம் இல்லை. ஐரோப்பிய நகரம் ஒன்றிலோ இஸ்தான்புல்லிலோ மாறி பொகோட்டா, அங்கிருந்து ஒன்றரை மணி நேரத்தில் கார்த்தஹேனா. அமெரிக்கா வழியாகப் போனால் விமானம் மாற மட்டும் இறங்கினாலும் அமெரிக்க விசா வேண்டும். நான்கு நாளுக்காக மட்டும் இந்தியாவிலிருந்து இவ்வளவு தூரம் போகச் சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் இருப்பவர்களுக்கும், என்னைப் போல அந்தப் பக்கம் ஏதோ வேலையாகப் போகிறவர்களுக்கும்தான் இந்தக் கணக்கு பொருந்தும்.

விமான நிலையம் கிரெஸ்போ என்ற பகுதியில், பழைய ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. டாக்சியில் பதினைந்து நிமிடம். இந்த ஊர் டாக்சிகளில் மீட்டர் பழக்கம் இல்லை, ஏறும் முன்பே தொகையைப் பேசிவிட வேண்டும். முதல் இரவு அசதியில் நான் பேசாமல் ஏறிவிட்டேன், இறங்கும்போது வழக்கமான கட்டணத்தைப் போல மூன்று மடங்கு கொடுக்க வேண்டியதாகிவிட்டது. அடுத்த நாளிலிருந்து தங்கும் இடத்தில் "இவ்வளவு தூரத்துக்கு எவ்வளவு கொடுக்கலாம்?" என்று கேட்டுக்கொண்டுதான் தெருவில் இறங்கினேன்.

எந்தப் பகுதியில் தங்கலாம்?

மதிலுக்குள் சென்த்ரோ, சான் தியேகோ என்று இரண்டு பகுதிகள். சென்த்ரோவில் விலை அதிகம், சான் தியேகோ கொஞ்சம் அமைதி. மதிலுக்கு வெளியே ஒட்டினாற்போல் இருப்பது ஹெத்செமனி. நம் பைபிளில் வரும் கெத்செமனே தோட்டத்தின் பெயர்தான் அது. அடிமைகளும் விடுதலை பெற்ற கறுப்பினத்தவரும் கைவினைஞர்களும் வாழ்ந்த பேட்டை. ஸ்பெயினிடமிருந்து முழு விடுதலை என்று 1811 நவம்பர் 11-இல் இந்த நகரம் அறிவித்தபோது, பேத்ரோ ரொமேரோ என்ற கைவினைஞரோடு ஆயுதம் ஏந்தி நின்றவர்கள் இந்தப் பேட்டைக்காரர்கள்தான். அவருடைய சிலை திரினிதாத் தேவாலயத்து முற்றத்தில் நிற்கிறது.

நான் ஹெத்செமனியில் தங்கினேன். மறுபடி போனாலும் அங்கேதான் தங்குவேன். ஆனால் திரினிதாத் சதுக்கத்தை ஒட்டிய அறை வேண்டாம், இரவு ஒரு மணி வரை பாட்டுச் சத்தம் ஓயாது. இரண்டு தெரு தள்ளி எடுங்கள். பதிவு செய்யும்போதே ஏசி உண்டா, ஜன்னல் உண்டா என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். பழைய வீடுகளைத் தடுத்து அறையாக்கியிருப்பதால் ஜன்னலே இல்லாத அறைகள் நிறைய.

போக்காகிராந்தே என்ற கடற்கரைப் பகுதியில் உயரமான ஹோட்டல்கள் வரிசையாக இருக்கின்றன. வயதானவர்களுக்கு லிஃப்ட் வசதி நல்லது. தனியாகப் போகிறவர்களுக்கு அங்கே தங்குவதில் பெரிய லாபம் இல்லை.

தனியாக, அதுவும் பெண் தனியாகப் போவது பாதுகாப்பா?

கொலம்பியர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு சொலவடை: "நோ தார் பப்பாயா". பப்பாளியைக் கொடுக்காதே என்று அர்த்தம். எடுத்துக்கொள் என்பதுபோல் வாய்ப்பைக் காட்டாதே என்பதுதான் விஷயம். தெருவில் நின்று போனில் வரைபடம் பார்ப்பது பப்பாளி. உணவகத்தில் மேசை ஓரத்தில் போனை வைப்பது பப்பாளி. வழி பார்க்க வேண்டுமென்றால் ஏதாவது கடைக்குள் நுழைந்து பாருங்கள். பைக்கில் வந்து பறித்துக்கொண்டு போவதுதான் அங்கே வாடிக்கையான திருட்டு.

மதிலுக்குள்ளும் ஹெத்செமனியின் முக்கியத் தெருக்களிலும் இரவு பத்து, பதினொன்று வரை கூட்டம் இருக்கும். நான் தனியாக நடந்தேன், பயமாக இருக்கவில்லை. ஆள் நடமாட்டம் குறைந்ததும் டாக்சி பிடித்துவிட்டேன். மதிலின் மேல் நள்ளிரவில் நடக்க வேண்டாம்.

முன்பின் தெரியாதவர் கொடுக்கும் பானத்தையோ சிகரெட்டையோ வாங்கவே வாங்காதீர்கள். ஸ்கோபொலமின் என்ற மருந்தைக் கலந்து நினைவிழக்கச் செய்து கொள்ளையடிக்கும் வழக்கம் அந்த நாட்டில் உண்மையாகவே இருக்கிறது. தனியாகப் போகும் ஆண்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: பழைய ஊரின் வாசலில் இருக்கும் மணிக்கூண்டுப் பக்கம் இரவில் நடந்தால் போதைப்பொருளும் பெண்களும் வேண்டுமா என்று கேட்டு ஆட்கள் வருவார்கள். அந்தத் தொழிலில் சிறுமிகளும் சிக்கிக் கிடக்கிறார்கள், அது இந்த நகரத்தின் ஆறாத புண். நிற்காமல் நடந்துவிடுங்கள்.

அவசர உதவிக்கு 123.

பணம் எப்படி? எவ்வளவு ஆகும்?

கொலம்பிய பெசோவையும் டாலர் குறி போட்டுத்தான் எழுதுகிறார்கள். ஆயிரத்துக்கு நாம் காற்புள்ளி வைக்கும் இடத்தில் அவர்கள் புள்ளி வைக்கிறார்கள். உணவுப் பட்டியலில் டாலர் குறியோடு 20.000 என்று பார்த்து முதலில் திகைத்துவிட்டேன். அது இருபதாயிரம் பெசோ. நான் போனபோது ஒரு ரூபாய்க்கு நாற்பது பெசோவுக்கு மேல் கிடைத்ததால் ஐந்நூறு ரூபாய்க்குள் அடங்கியது. பேச்சில் 'மில்' என்ற ஆயிரத்தை விட்டுவிடுவார்கள். "வெய்ந்தே" என்றால் இருபதாயிரம்.

கார்டு பெரிய கடைகளில் செல்லும், தெருவோரத்தில் செல்லாது. உங்கள் நாட்டுப் பணத்தில் கழிக்கட்டுமா, பெசோவிலா என்று இயந்திரம் கேட்டால் பெசோ என்றே அழுத்துங்கள், இல்லையென்றால் மாற்று விகிதத்தில் கையைக் கடிக்கும். உணவகத்தில் பில் வரும் முன் "செர்விசியோ", அதாவது சேவைக் கட்டணம், சேர்க்கலாமா என்று கேட்பார்கள். பத்து சதவீதம், உங்கள் விருப்பம். நன்றாகக் கவனித்திருந்தால் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஸ்பானியம் தெரியாமல் சமாளிக்க முடியுமா?

முடியும். ஹோட்டலில் ஆங்கிலம் புரியும், தெருவில் புரியாது. எண்களை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போங்கள், பாதி வேலை முடிந்துவிடும். கடைக்குள் நுழையும்போது "புவெனாஸ்" என்று சொல்லிவிட்டு நுழைவது மரியாதை. விற்பவர்கள் "அ லா ஓர்தென்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். வேண்டாமென்றால் ஒரே ஒரு "நோ, கிராசியாஸ்", சிரித்த முகத்தோடு.

மதிலுக்குள் கட்டாயம் பார்க்க வேண்டியவை என்ன?

பட்டியல் எல்லா இடத்திலும் கிடைக்கும். எனக்கு முக்கியமாகப் பட்ட மூன்று இடங்களை மட்டும் சொல்கிறேன்.

முதலில் கோச்சஸ் சதுக்கம். மணிக்கூண்டு வாசலுக்குள் நுழைந்ததும் வரும் முக்கோண வெளி. மஞ்சளும் காவியும் பூசிய வீடுகள், மரப் பால்கனியில் தொங்கும் காகிதப்பூ, நடுவில் 1533-இல் நகரத்தை நிறுவிய பேத்ரோ தெ எரேதியாவின் சிலை. எல்லோரும் படம் எடுத்துக்கொள்ளும் அந்த இடத்தில்தான் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவந்த மனிதர்களை விற்றார்கள். ஸ்பானிய அமெரிக்காவின் பெரிய அடிமைச் சந்தைகளில் ஒன்று அது. சதுக்கத்தை ஒட்டிய வளைவுகளுக்கு அடியில் இன்று கண்ணாடி ஜாடிகளில் தேங்காய் மிட்டாயும் புளி உருண்டையும் விற்கிறார்கள்.

அங்கிருந்து ஐந்து நிமிடத்தில் புனித பீட்டர் கிளேவர் ஆலயம். ஸ்பெயினிலிருந்து 1610-இல் வந்த இயேசு சபைத் துறவி அவர். அடிமைக் கப்பல் துறைமுகத்துக்கு வந்ததும் உணவும் மருந்தும் எடுத்துக்கொண்டு கப்பலின் அடித்தளத்துக்குள்ளேயே இறங்கிவிடுவார். தன்னை 'அடிமைகளின் அடிமை' என்று சொல்லிக்கொண்டவர். 1654-இல் இறந்தார், 1888-இல் புனிதர் பட்டம் கிடைத்தது. அவருடைய எலும்புகள் பலிபீடத்துக்கு அடியில் கண்ணாடிப் பேழையில் இருக்கின்றன. ஆலயத்தின் முகப்புக் கல்லைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். அது பவளப்பாறை. மூளை மடிப்பு போன்ற வரிகளும் சிப்பித் துணுக்குகளும் கல்லுக்குள்ளேயே தெரியும்.

மூன்றாவது, பொலிவார் சதுக்கத்தில் இருக்கும் சமய விசாரணை மாளிகை. கத்தோலிக்க மதத்துக்கு விரோதமானவர்கள் என்று சந்தேகப்பட்டவர்களை விசாரித்துத் தண்டித்த மன்றம் 1610-இல் வந்தது, இப்போது நிற்கும் கட்டடம் 1770-இல் முடிந்தது. இன்று அருங்காட்சியகம். முன்வாசல் அழகில் மயங்கி உள்ளே ஓடிவிடாமல் பக்கத்துத் தெருவுக்குத் திரும்புங்கள். கம்பி போட்ட சின்ன ஜன்னல் ஒன்று, மேலே சிலுவை. யார் மேல் வேண்டுமானாலும் பெயர் சொல்லாமல் அங்கே புகார் கொடுத்துவிட்டுப் போகலாம். எட்டிப் பார்க்கும் உயரத்தில்தான் இருக்கிறது. அந்தத் தெருவில் நடந்து போகும் சாதாரண மனிதனுக்கு அந்த ஜன்னல் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தபடி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

கதவுத் தட்டிகளையும் பார்த்துக்கொண்டே நடங்கள். பல்லி, சிங்கம், மீன் என்று ஒவ்வொரு வாசலிலும் ஒன்று. மீன் என்றால் கடல் வணிகர் வீடு, சிங்கம் என்றால் படைத் தலைவர் வீடு என்று வழிகாட்டிகள் சொல்வார்கள்.

சான் ஃபெலிப்பே கோட்டைக்கு எவ்வளவு நேரம்?

காலை எட்டு மணிக்கு வாசலில் இருங்கள், இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். கோட்டை மேல் நிழல் கிடையாது. தொப்பியும் தண்ணீரும் இல்லாமல் ஏறாதீர்கள்.

கதை தெரிந்துகொண்டு போனால்தான் அந்தக் கல் பேசும். 1586-இல் இங்கிலாந்தின் பிரான்சிஸ் டிரேக் வந்து ஊரைப் பிடித்து, பெரும்பணம் பறித்துக்கொண்டுதான் போனான். அதற்குப் பிறகே சுற்றுமதில் வேலை தீவிரமானது. இந்தக் கோட்டை 1657-இல் சின்னதாக எழும்பி, 1762-க்குப் பிறகு இப்போதைய உருவத்துக்கு வளர்ந்தது.

நடுவில் 1741. பிரிட்டிஷ் அட்மிரல் வெர்னன் 180-க்கும் மேற்பட்ட கப்பல்களோடு வந்தார். எதிரே இருந்தவர் ஸ்பானியக் கடற்படைத் தளபதி பிளாஸ் தெ லேசோ. இளம் வயதிலேயே ஒரு காலையும் ஒரு கண்ணையும் இழந்தவர், ஒரு கையும் விளங்காது. கையில் ஆறு போர்க்கப்பல். வெற்றி நிச்சயம் என்று நினைத்து லண்டனில் லேசோ மண்டியிடுவது போலப் பதக்கங்களே அடித்துவிட்டார்கள். ஆனால் கோட்டை விழவில்லை. முற்றுகை இழுக்க இழுக்க மழை வந்தது, கொசு வந்தது, மஞ்சள் காய்ச்சலும் வயிற்றுக் கடுப்பும் ஆயிரக்கணக்கான வீரர்களைக் கொண்டுபோயின. வெர்னன் திரும்பிப் போக வேண்டியதாயிற்று. நீங்கள் கையில் வைத்திருக்கும் அந்த மஞ்சள் நிறத் தடுப்பூசி அட்டைக்குப் பின்னால் இருப்பது இதே காய்ச்சல்தான். அந்தப் படையில் இருந்த லாரன்ஸ் வாஷிங்டன் ஊர் திரும்பி, தன் பண்ணைக்குத் தளபதியின் நினைவாக மவுண்ட் வெர்னன் என்று பெயர் வைத்தார். பிற்பாடு அது அவருடைய தம்பி ஜார்ஜ் வாஷிங்டனின் வீடானது. லேசோ அதே வருடம் இங்கேயே இறந்துபோனார். கோட்டை அடிவாரத்தில் ஒற்றைக் காலோடு வாள் தூக்கி நிற்பது அவர்தான்.

உள்ளே சுரங்கப் பாதைகள் இருக்கின்றன. குனிந்து போக வேண்டும், வெளிச்சம் குறைவு. மூச்சு முட்டும் பழக்கம் உள்ளவர்கள் முதல் திருப்பத்தோடு திரும்பிவிடலாம்.

தலையில் பழக்கூடையோடு நிற்கும் பெண்களைப் படம் எடுக்கலாமா?

எடுக்கலாம். முதலில் கேளுங்கள், எவ்வளவு என்று பேசுங்கள், கொடுங்கள். பழம் வாங்கிக்கொண்டு எடுத்தால் இன்னும் நல்லது. அவர்கள் அலங்காரத்துக்கு நிற்பவர்கள் இல்லை. பலென்கெராக்கள் என்று பெயர். இங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சான் பசிலியோ தெ பலென்கே கிராமத்துக்காரர்கள், தலைமுறை தலைமுறையாகப் பழமும் மிட்டாயும் விற்றுக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர்கள்.

அந்தக் கிராமத்துக்கு ஒரு நாள் கொடுங்கள் என்றுதான் இவ்வளவு நேரமாகச் சொல்ல வந்தேன். மதிலைப் பார்த்தவர்களுக்கு அதைக் கட்டியவர்களின் கதை பாதிதான் கிடைக்கும். தியெர்ராபொம்பா தீவில் கல் வெட்டியதும், சுண்ணாம்பு சுட்டதும், சுமந்ததும், அடுக்கியதும் பெரும்பாலும் அடிமைகள். அவர்களில் தப்பி ஓடியவர்கள் காட்டுக்குள் கழி நட்டு அரண் கட்டி ஊர் அமைத்தார்கள். அப்படிப்பட்ட ஊருக்குத்தான் பலென்கே என்று பெயர். அவர்களுக்குத் தலைவராக இருந்தவர் பெங்கோஸ் பியோகோ. ஸ்பானிய ஆளுநரே அவரோடு சமாதானம் பேச வேண்டியதாயிற்று. பிறகு ஒப்பந்தத்தை மீறிப் பிடித்து 1621-இல் கார்த்தஹேனாவில் தூக்கிலிட்டார்கள். ஆனாலும் ஊர் அழியவில்லை. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த ஊரின் சுதந்திரத்தை ஸ்பானிய நிர்வாகம் ஒப்புக்கொண்டது. யுனெஸ்கோ 2005-இல் அதன் பண்பாட்டை மனித குலத்தின் அருஞ்செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது.

அவர்களுக்கென்று ஒரு மொழி இருக்கிறது, பலென்கெரோ. சொற்கள் பெரும்பாலும் ஸ்பானியத்திலிருந்து வந்தவை, கூடவே காங்கோ கரையின் கிகோங்கோ மொழியின் சொற்களும் உண்டு. இடையில் நகரத்தில் கேலி செய்தார்கள் என்று பலர் பிள்ளைகளிடம் பேசுவதையே விட்டுவிட்டார்களாம். இப்போது பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறார்கள். மொழிக்காக உயிரைக் கொடுத்தவர்களின் ஊரிலிருந்து போன எனக்கு, பள்ளிச் சுவரில் அந்த மொழியில் எழுதியிருந்ததைப் பார்த்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது.

ஊர் நடுவில் பெங்கோஸ் சிலை, கையில் அறுந்த சங்கிலி. உலகக் குத்துச்சண்டைச் சாம்பியன் பட்டத்தை 1972-இல் வென்ற 'கிட் பம்பெலே' பிறந்ததும் இங்கேதான். தலைப்பின்னலில் தப்பிக்கும் வழியை வரைபடமாகப் பின்னி வைத்தார்கள் என்று பெண்கள் சொல்கிறார்கள். எனக்குச் சொன்ன அம்மா தன் பேத்தியை முன்னால் உட்கார்த்தி வைத்து, "இது ஆறு, இது மலை" என்று விரலால் வகிடுகளைத் தொட்டுக் காட்டினார்.

'அலெக்ரியா' என்று ஒரு மிட்டாய் செய்கிறார்கள். அலெக்ரியா என்றால் மகிழ்ச்சி. பொரித்த சிறுதானியம், தேங்காய், சோம்பு, பனேலா. பனேலா வேறொன்றுமில்லை, நம் கரும்பு வெல்லம்தான். பாகு ஆறும் முன் கையில் தண்ணீர் தொட்டு உருண்டை பிடித்தார்கள். கார்த்திகைப் பொரி உருண்டைக்கு எங்கள் வீட்டில் பிடிப்பதும் அப்படியேதான்.

போவதற்கு: நகரத்திலிருந்து சாலையில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். பஸ்ஸில் போய்க் கூட்டு ரோட்டில் இறங்கி மோட்டார் பைக்கில் உள்ளே போகலாம். ஆனால் அந்த ஊர்க்காரரே வழிகாட்டியாக வரும் சுற்றுலாவில் போவதுதான் நல்லது. மொழிச் சிக்கல் தீரும், பணமும் ஊருக்கே போகும். பதிவு செய்யும்போது "வழிகாட்டி பலென்கேக்காரரா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

தீவுக்குப் போகாமல் வந்துவிட்டால் வருத்தமாக இருக்காதா?

எனக்கு இல்லை. ரொசாரியோ தீவுகளில் தண்ணீர் தெளிவாகவும் நீலமாகவும் இருக்கும், அது உண்மை. ஆனால் காலை எட்டு, ஒன்பது மணிக்குத் துறைமுகத்தில் வரிசை, துறைமுக வரி தனி, மாலை திரும்பும்போது அலை தூக்கிப் போடும், படகில் முன்வரிசையில் உட்கார்ந்தால் இடுப்பு போய்விடும். மூன்று பகலில் ஒன்றை அதற்குக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஐந்தாவது நாள் இருந்தால் போங்கள், முடிந்தால் அங்கேயே ஓர் இரவு தங்குங்கள்.

ஊரை ஒட்டிய கடற்கரையில் நீலக் கடலை எதிர்பார்க்க வேண்டாம். மக்தலேனா ஆற்றின் வண்டலை திக்கே கால்வாய் கொண்டுவந்து கொட்டுவதால் தண்ணீர் கலங்கலாகவே இருக்கும். அங்கே யாராவது "சும்மா, இலவசம்" என்று தோளைப் பிடித்துவிட ஆரம்பித்தால் உடனே எழுந்துவிடுங்கள், ஐந்தாவது நிமிடத்தில் பெரிய தொகை கேட்பார்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் என்ன செய்வது?

பட்டினி கிடக்க மாட்டீர்கள். "சோய் வெஹெதாரியானா" என்று மட்டும் சொன்னால் (ஆண்கள் 'வெஹெதாரியானோ' என்று சொல்ல வேண்டும்) கோழி வந்தாலும் வரும். "சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ" என்று இறைச்சி, கோழி, மீன் மூன்றையும் பெயர் சொல்லித் தவிருங்கள். தேங்காய்ப்பால் சோறு, தட்டிப் பொரித்த வாழைக்காய், வெண்ணெய்ப்பழம், சீஸ் வைத்த அரேப்பா (மக்காச்சோள மாவு ரொட்டி), சீஸ் வைத்த மரவள்ளி உருண்டை என்று சமாளித்துவிடலாம்.

முட்டை சாப்பிடுகிறவர்கள் தெருவோரத்தில் அரேப்பா தெ ஊவோ சாப்பிடாமல் வராதீர்கள். மக்காச்சோள மாவை வட்டமாகத் தட்டி எண்ணெயில் போட்டால் பூரி மாதிரி உப்பும். எடுத்து ஓரத்தில் ஒரு கீறல், அதன் வழியாக ஒரு பச்சை முட்டையை உள்ளே ஊற்றி, கீறலை மாவால் மூடி மறுபடி எண்ணெயில். அந்த அம்மா இதையெல்லாம் ஒரு கையில் செய்துகொண்டே இன்னொரு கையில் சில்லறை கொடுத்தார்.

பழங்களைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 'நிஸ்பெரோ' என்று ஜூஸ் கடையில் எழுதியிருந்தது என்னவோ என்று வாங்கினேன், ஒரு வாய் குடித்ததுமே தெரிந்துவிட்டது, சப்போட்டா. சப்போட்டா மரம் அந்தப் பக்கத்திலிருந்துதானே நம்மிடம் வந்தது. குவனாபனா என்றால் முள் சீத்தா. தெருவில் மாங்காயைக் கீற்றாக நறுக்கி உப்பும் எலுமிச்சையும் போட்டுத் தருவார்கள், மெரினா ஞாபகம் வரும். கறுப்புக் காபிக்குத் 'தின்தோ' என்று பெயர், பிளாஸ்கில் கொண்டுவந்து சின்னக் கோப்பையில் ஊற்றுவார்கள்.

பிளக், சிம், தண்ணீர்?

110 வோல்ட், அமெரிக்க மாதிரி தட்டைப் பின். போன் சார்ஜர் வேலை செய்யும், நம் ஊர் கெட்டில் சூடாகாது. சிம் வாங்க பாஸ்போர்ட் வேண்டும். தண்ணீர் பாட்டிலில் குடியுங்கள்.

மாலையில் தனியாக என்ன செய்வது? போரடிக்காதா?

திரினிதாத் சதுக்கத்துக்குப் போய் தேவாலயப் படியில் உட்காருங்கள். ஆறரை மணிக்குப் பையன்கள் பந்து உதைப்பார்கள், பாட்டிகள் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காருவார்கள், தள்ளுவண்டிகள் ஒவ்வொன்றாக வந்து அடுப்பு பற்றவைக்கும். யாரும் உங்களைத் தனியாக வந்தவராகப் பார்க்க மாட்டார்கள். பாதி வீடுகள் இப்போது ஹோட்டலாகிவிட்டன, வாடகை தாங்காமல் பழைய குடும்பங்கள் வெளியேறுகின்றன. அந்தப் பாட்டிகள் இன்னும் எத்தனை வருடம் அங்கே இருப்பார்களோ தெரியாது. அதனால் காபியோ சாப்பாடோ, முடிந்தவரை அந்தத் தெருக்காரர்களிடமே வாங்குங்கள்.

கடைசி நாள் காலையில் இரண்டு மணி நேரம் மட்டும் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பொழுது விடிந்து நாலு பேர் நடமாட ஆரம்பித்ததும் சாந்தோ தொமிங்கோ பக்கமாக மதில் மேல் ஏறுங்கள். கடல் இடது கைப்பக்கம் இருக்கும்படி நடந்தால் லாஸ் போவெதாஸ் வரும், 1790-களில் மதிலோடு சேர்த்துக் கட்டிய 23 அறைகள். முன்பு சிறையாகவும் இருந்தவை, இன்று கைவினைக் கடைகள். அந்த நேரத்தில் கடை திறந்திருக்காது, பரவாயில்லை. ஓட்டப் பயிற்சி செய்கிறவர்கள் நாலைந்து பேர், சாலைக்கு அந்தப் பக்கம் தூண்டில் போடுகிறவர் ஒருவர், அவ்வளவுதான் இருந்தார்கள் நான் போன அன்று. சூரியன் தாழ்வாக இருப்பதால் கல்லில் இருக்கும் பவள வரிகள் நிழல் விழுந்து நன்றாகத் தெரியும். இறங்கும் இடத்தில் தின்தோக்காரர் நின்றால் ஒரு கோப்பை வாங்கிக்கொள்ளுங்கள். விமான நிலையம் அங்கிருந்து பத்து நிமிடம்தான். டாக்சிக்காரரிடம் முதலிலேயே தொகையைப் பேசிவிடுங்கள்.